புதுப் பிரேக்கின் கூக்குரல்

பெங்களூரில் மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன ஜே.சி. சாலையிலோ, சிவாஜிநகரத்துச் சந்துகளிலோ சிறிது நேரம் நின்று செவிமடுத்தால், வாகன இரைச்சலை ஊடறுத்துக்கொண்டு கூரிய கீச்சொலி ஒன்று அடிக்கடி எழுவதைக் கேட்கலாம். தேய்ந்த பிரேக் பட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதியன பூட்டிய கார்களிலிருந்து பல வேளைகளில் அவ்வொலி வருகிறது. வண்டிக்கு உடையவர் திகைக்கிறார். பழைய பட்டை பேசாதிருந்தது; பணம் கொடுத்து வாங்கிய புதுப்பட்டை அலறுகிறது. பூட்டியவர் பிழை செய்தாரோ, கடைக்காரர் போலிச் சரக்கைத் தந்தாரோ என்ற ஐயம் அவருக்கு எழுவது இயல்பே. சில வேளைகளில் அந்த ஐயம் மெய்யாகவும் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் வேறு. அக்காரணத்தைத் தேடிச் சென்றால், ஜெர்மனியில் ஒரு செருப்புத் தைப்பவரின் கடைக்கும், இங்கிலாந்தின் மலைச்சரிவு ஒன்றுக்கும், கல்கத்தாவின் பவ்பஜார் வீதிக்கும் போய், மீண்டும் இந்தப் பெங்களூருக்கே வந்து சேரவேண்டியிருக்கிறது.

பிரேக்கு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் ஓயாமல் வேலை வைப்பது. 'தடை' என்று எழுதினால் அரசாங்கம் விதித்த தடையோ என்று மயங்க இடமுண்டு. 'வேகத்தடை' என்பதைச் சாலையின் குறுக்கே எழுப்பும் மேட்டுக்கு மக்கள் கொடுத்துவிட்டார்கள். 'நிறுத்தம்' பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது. கலைச்சொல் பட்டியல்களில் 'தடுப்பான்' உண்டு; ஆயினும் ஒரு பட்டறைக்குச் சென்று தடுப்பானைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டால், அங்குள்ளவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். எனவே நாடறிந்த பிரேக்கையே இங்கும் வழங்குவோம்.

சொல் புதிதேயன்றிப் பொருள் நமக்குப் புதிதன்று. தேரோடும் வீதியில் பிறந்து வளர்ந்தவர்கள் முட்டுக்கட்டையை மறந்திருக்க மாட்டார்கள். பல நூறு பேர் வடம் பிடித்திழுக்க, மலை போன்ற தேர் நகர்ந்து வரும்போது, அதன் சக்கரத்தின் கீழ் ஆப்பு வடிவான மரக்கட்டையை உரிய கணத்தில் செருகி, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை அது. கட்டை நெரியும்போது எழும் கிறீச்சென்ற ஓசை வீதி முழுவதும் கேட்கும். திருவாரூர் ஆழித்தேருக்குப் பின்னாளில் திருச்சி 'பெல்' தொழிற்சாலை இரும்பு அச்சும் சக்கரங்களும் நீரழுத்தப் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. ஆனால் பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுவது' என்றால் ஒருவர் காரியத்தைக் கெடுப்பது என்றே பொருளாகிவிட்டது. தேரைக் காத்த கட்டைக்கு இத்தகைய அவப்பெயர் வந்தது நியாயமன்று என்பது என் எண்ணம்.

மேனாட்டிலும் தொடக்கம் மரக்கட்டைதான். குதிரை வண்டியின் சக்கர விளிம்பின் மீது ஒரு மரக்கட்டையை நெம்புகோலால் அழுத்துவார்கள். உராய்வினால் சக்கரத்தின் வேகம் குறையும். ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் அமைத்த முதல் மோட்டார் வண்டியிலும் மரக்கட்டைகளே இருந்தன. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தம் புதல்வர் இருவரை ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வீடு இருந்த போர்ட்ஸைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மேடு பள்ளங்களில் இறங்கும்போது மரக்கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரைக் கண்டு, கட்டைகளின் மேல் தோலை வைத்துத் தைத்துத் தரச் செய்தார் அந்த அம்மையார். மோட்டார் வண்டி பிரேக்கின் 'லைனிங்' என்னும் மேற்பட்டை பிறந்தது அந்தக் கடையில்தான். இன்று ஜே.சி. சாலையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பட்டைக்கு மூதாதை ஒரு துண்டுச் செருப்புத் தோல் என்று சொன்னால் தவறில்லை.

அடுத்த பெயர் ஆங்கிலேயப் பொறியாளர் பிரடெரிக் லாங்கெஸ்டர். இவர் 1902இல் தட்டு பிரேக்குக்கு, அதாவது இன்று எல்லோரும் 'டிஸ்க் பிரேக்' என்று வழங்குவதற்கு, காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் உலோகத் தட்டை இருபுறமும் இடுக்கிபோல் பற்றி நிறுத்துவது அவருடைய யோசனை. பற்றும் பரப்பில் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தின் மேல் உலோகம் உராய்ந்தபோது கேட்பவர் உடல் சிலிர்க்கும்படியான அலறல் உண்டாயிற்று. செம்பும் விரைவில் தேய்ந்தது. நல்ல கருத்து ஒன்று ஐம்பது ஆண்டுகள் அரங்கேறாமல் காத்திருக்க நேர்ந்ததற்கு அந்த ஓசையும் ஒரு காரணம். 1902லேயே பிரான்சில் லூயி ரெனோ அமைத்த டிரம் பிரேக் உலகெங்கும் பரவியது. அதில் உராய்வு முழுவதும் ஒரு பீப்பாய்க்குள் மறைவாக நடைபெறுவதால், ஓசையும் ஓரளவு உள்ளே அடங்கியது.

ஓசைக்கும் தேய்மானத்துக்கும் ஒருங்கே மருந்து கண்டவர் ஹெர்பர்ட் ஃபுரூட். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் சாப்பெல்-என்-லெ-ஃப்ரித் என்ற ஊரில் 1897இல் அவர் தொழில் தொடங்கினார். சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்சைக் கட்டிவிடுவதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று சொல்வதுண்டு. முதலில் பருத்தி நூலை நெய்து பிசின் ஊட்டிய பட்டைகளைச் செய்தார். மோட்டார் வண்டியின் வேகம் கூடவே, பிரேக்கில் பிறக்கும் சூட்டில் பருத்தி கருகியது. 1907-08 வாக்கில் தீயில் எரியாத அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரை அதற்குப் பதிலாகச் சேர்த்தார். தம் பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் கூட்டி மாற்றி அமைத்து, 'ஃபெரோடோ' என்று தம் சரக்குக்குப் பெயரிட்டார். கல்நார்ப் பட்டை சூட்டைத் தாங்கியது; விலை குறைவு; செம்பைப்போல் அலறவும் இல்லை.

அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். கல்நாரின் நுண்ணிய தூசு நுரையீரலுக்குள் புகுந்தால் வெளிவருவதில்லை. லங்காஷயரில் ரோச்டேல் நகரத்துக் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் முப்பத்துமூன்றாம் வயதில் இறந்தபோது, அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக், கல்நார்த் துகள்களே சாவுக்குக் காரணம் என்று கண்டெழுதினார். அதன் பின்னும் உலகம் விழித்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. பிரிட்டன் 1999இல் கல்நாரை முற்றிலும் விலக்கியது. நம் நாட்டில் 1995இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. இவ்வளவு காலமும் பிரேக் டிரம்மைத் திறந்து, அதில் படிந்த கரிய தூளை வாயால் ஊதியும் காற்றுக் குழாயால் வீசியடித்தும் சுத்தம் செய்த பட்டறைச் சிறுவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றிக் கணக்கு எழுதி வைத்தவர் இல்லை. பட்டையில் இப்போது கல்நார் இல்லை என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தாலும், பிரேக் தூளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை, ஊதலாகாது.

கல்நாருக்குப் பிறகு வந்த பட்டைகள் பல இனம். இரும்புத் தூள் மிகுதியாகக் கலந்தவை ஓரினம். கண்ணாடி இழை, செயற்கை இழை, ரப்பர், பிசின் முதலியவற்றால் ஆனவை ஓரினம். பீங்கான் கலப்புடையவை மற்றோரினம். இரும்பு மிகுந்த பட்டை வெம்மையில் நன்கு பிடிக்கும். ஆனால் வாய் ஓயாது. மற்ற இரண்டும் பொதுவாக அடக்கமானவை. இந்தியாவில் இத்தொழில் வேரூன்றியது பெரும்பாலும் தமிழ்நாட்டில் என்பதை வெளிமாநிலத்தில் வாழும் நாம் நினைவில் வைக்கலாம். மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1962இல் சென்னையை அடுத்த பாடியில் 'பிரேக்ஸ் இந்தியா'வை நிறுவியது. 1964இல் 'ராணே பிரேக் லைனிங்', 1974இல் 'சுந்தரம் பிரேக் லைனிங்ஸ்' ஆகியவை தோன்றின. பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. இங்குள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவு போர்விமானங்களுக்கான பிரேக் பட்டைகளைச் செய்கிறது.

லாங்கெஸ்டரின் தட்டு பிரேக் மீண்டும் உயிர்பெற்றது 1953இல். அவ்வாண்டு பிரான்சின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் காரில் டன்லப் நிறுவனத்தின் தட்டு பிரேக்குகள் இருந்தன. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். கார் அவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் அம்பாசிடரும் பியட்டும் நெடுங்காலம் டிரம் பிரேக்கோடே ஓடின. தட்டு பிரேக் இந்தியச் சாலைகளில் பரவலானது புதிய தலைமுறைக் கார்களோடுதான். தட்டு திறந்த வெளியில் சுழல்வதால் சூடு எளிதில் ஆறுகிறது. மழைநீரும் உடனே வடிந்துவிடுகிறது. அந்தத் திறந்தவெளியினாலேயே அது போடும் கூச்சலையும் ஊர் முழுவதும் கேட்கிறது.

இனி, அந்தக் கூச்சல் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். இங்கேதான் நம் கதை கல்கத்தாவுக்குப் போகவேண்டும்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பரில் பிறந்த சி.வி. இராமன், பெர்த்தா பென்ஸின் பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் இளையவர். 1907இல் இந்திய நிதித்துறையில் அதிகாரியாகி அவர் கல்கத்தா சென்றார். பகலில் கணக்குத் தணிக்கை. அலுவலகத்துக்குப் போகும் முன்னும் திரும்பிய பின்னும் பவ்பஜார் வீதியில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். மத்திய அரசாங்க ஊழியர்களில் மாலை நேரத்தை இவ்வளவு பயனுள்ள வகையில் கழித்தவர் வேறு எவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1917இல் அரசுப் பணியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு தேடித் தந்தது ஒளி பற்றிய ஆராய்ச்சி. அதற்கு முன் அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது ஒலி. அதிலும் சிறப்பாக, வில்லால் இழுக்கப்படும் தந்தியின் ஒலி.

வயலின் வில்லின் மயிர் தந்தியின்மீது ஒரே சீராக இழுக்கப்படுகிறது. சீரான இழுப்பிலிருந்து அதிர்வு எவ்வாறு பிறக்கிறது? ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறியிருந்தார். தந்தி முதலில் வில்லோடு ஒட்டிக்கொண்டு அதன் போக்கிலேயே சிறிது தூரம் செல்கிறது. இழுவிசை மிகுந்ததும் பிடி விட்டு வழுக்கிப் பின்னால் பாய்கிறது. மீண்டும் ஒட்டுகிறது; மீண்டும் வழுக்குகிறது. ஒட்டுதலும் வழுக்குதலும் ஒரு வினாடியில் பல நூறு முறை நிகழும்போது, அதுவே நாதமாக நம் செவியில் விழுகிறது. வில்லில் பிசின் தடவுவது எதற்கு? ஒட்டும்போது பிடி வலுவாகவும் வழுக்கும்போது தளர்வாகவும் இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த வேறுபாடு இல்லாவிடில் வயலின் ஊமை.

இராமன் இதை மேலும் ஆழ்ந்து ஆராய்ந்தார். 1918இல் அக்கழகம் வெளியிட்ட அவருடைய நீண்ட ஆய்வுரை வில்லிசையின் எந்திரவியலை வகுத்துரைத்தது. 1920இல், மனிதக் கையின் நடுக்கமோ விருப்பமோ கலவாதபடி வயலினை வாசிக்கும் ஒரு பொறியை அமைத்து அளவுகள் எடுத்தார். அதில் வில் அசையாது நிற்கும்; வயலின் முன்னும் பின்னும் நகரும். அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று நமக்கு இங்கே வேண்டியது. சுத்தமான நாதம் எழ, வில்லின் அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. அந்த அளவு வில்லின் வேகத்தையும், அது குதிரைக்கு எவ்வளவு அருகில் படுகிறது என்பதையும் பொறுத்து மாறும். உராயும் பொருள் எதுவாயினும், அது பாடுமா பாடாதா என்பதை அழுத்தமும் வேகமும் அமைப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

அதற்கு முன் 1916இல் அவர் ஆராய்ந்தது 'ஓநாய்ச் சுரம்' என்று மேனாட்டு இசைவாணர் அஞ்சும் ஒரு குறை. பெரிய வில்லிசைக் கருவிகளில் ஏதோ ஒரு சுரத்தைத் தொட்டால் மட்டும் கருவி உறுமும். தந்தியின் அதிர்வெண்ணும் மரப்பெட்டியின் இயல்பான அதிர்வெண்ணும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்போது இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதே அதன் காரணம்.

1933இல் இராமன் பெங்களூருக்கு வந்தார். 1909இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இந்தியர் ஒருவர் இயக்குநரானது அதுவே முதல் முறை. 1934இல் இங்கே இந்திய விஞ்ஞான அகாதெமியைத் தோற்றுவித்து, அதன் இதழிலேயே மிருதங்கத்தின் நாதம் பற்றித் தம் ஆய்வை வெளியிட்டார். 1948இல் தம் பெயர்கொண்ட ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1970இல் மறையும் வரை இந்நகரத்திலேயே வாழ்ந்தார். இராமன் மோட்டார் பிரேக்கை ஆராய்ந்தவர் அல்லர். அப்படிச் சொன்னால் அது புனைவாகும். ஆனால் வில்லுக்கும் தந்திக்கும் இடையே அவர் எழுப்பிய கேள்விகள்தாம் பட்டைக்கும் தட்டுக்கும் இடையே பிறர் பின்னர் எழுப்பியவை.

இங்கிலாந்தில் மில்ஸ் என்பவர் 1938இல் மோட்டார்ப் பொறியாளர் கழகத்துக்காகப் பிரேக்கின் கீச்சொலியை முறையாக ஆராய்ந்தார். வேகம் குறையக் குறைய உராய்வு கூடும் பட்டைகளே கீச்சிடுகின்றன என்பது அந்நாளைய கொள்கை. அப்படியே ஒட்டி வழுக்கும் வயலின் வில். ஆனால் அந்த இயல்புள்ள பட்டைகள் சில கீச்சிடவில்லை. இல்லாதவை சில கீச்சிட்டன. 1961இல் ஃபெரோடோ நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பர் வேறொரு விளக்கம் தந்தார். உராய்வு மாறாமல் இருந்தாலும், பட்டை தட்டைத் தொடும் கோணமே கூச்சலுக்குப் போதும் என்றார். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை போதும். சுண்ணக்கட்டியைச் சாய்த்து இழுத்துச் செல்லும்போது அது பேசாமல் எழுதும். அதே கட்டியை, போகும் திசைக்கு எதிராக முனை முட்டும்படி பிடித்துத் தள்ளினால், முட்டி நின்று, துள்ளி, மீண்டும் முட்டி, பல் கூசும்படி கிறீச்சிடும். கட்டியும் அதுவே, பலகையும் அதுவே. மாறியது கோணம் மட்டும். இதற்கும் பின்னர் 1970களில், பட்டையின் அதிர்வும் தட்டின் அதிர்வும் ஒரே எண்ணில் இணைந்துகொள்ளும்போது கூச்சல் பிறக்கிறது என்ற விளக்கம் வலுப்பெற்றது. ஓநாய்ச் சுரத்துக்கு அது தூரத்து உறவு.

ஆக, பிரேக் தட்டு என்பது ஒரு ஜால்ரா. வார்ப்பிரும்பில் செய்த ஜால்ரா. பட்டை அதை உராய்ந்து அதிரச் செய்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முதல் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் எழுகின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது வினாடிக்கு 2,000 முதல் 5,000 வரையான அதிர்வுகளை. ஆதலால் ஆற்றல் சிறிதேயாயினும் நம் தலைக்குள் ஊசிபோல் இறங்குகிறது. பிரேக்கின் பிடிக்கும் இந்த ஓசைக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. கீச்சிடும் பிரேக்கு வண்டியை நன்றாகவே நிறுத்தலாம்.

புதுப்பட்டை ஏன் குறிப்பாகக் கீச்சிடுகிறது என்பதற்கு இப்போது விடை எளிது. பழைய பட்டை பல்லாயிரம் கிலோமீட்டர் தேய்ந்து, தட்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் தன்னை ஒத்துக்கொண்டிருந்தது. அதன் பொருள் மெல்லிய படலமாகத் தட்டின் மேல் படிந்து, இரண்டும் பழகிப்போயிருந்தன. புதிதாக வந்த பட்டையோ சமதளமானது. தட்டு வரிவரியாகத் தேய்ந்தது. இரண்டும் அங்கங்கே சில மேடுகளில் மட்டும் தொடுகின்றன. பட்டையின் முன்விளிம்பு கூராக இருப்பதால் சுண்ணக்கட்டிபோல் முட்டுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள பிசின் இன்னும் சூட்டில் பதப்படவில்லை. இவை தாமே சில நூறு கிலோமீட்டரில் தீரக்கூடியவை. பெங்களூரின் போக்குவரத்து அதற்கு இடங்கொடுப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளத்திலும் ஊர்ந்து ஊர்ந்து, காலை மெல்ல வைத்து மெல்ல எடுத்து ஓட்டும்போது, பட்டை பதமாவதற்கு வேண்டிய சூட்டை அடைவதே இல்லை. குறைந்த வேகமும் இலேசான அழுத்தமும் கூடினால் கீச்சொலிக்கு மிகவும் ஏற்ற வேளை வாய்த்துவிடுகிறது.

எனவே முதல் மருத்துவம் பட்டையைப் பழக்குவது. விடியற்காலையில் வாகனமில்லாத நேரான சாலைக்குச் சென்று, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை சீராக, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், வேகத்தைக் குறைக்கவேண்டும். முற்றிலும் நிறுத்தலாகாது. சற்று ஓட்டிச் சூடு தணியவிட்டு மறுபடியும் செய்யவேண்டும். பத்துப் பதினைந்து முறை போதும். முடித்தபின் சிறிது தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடவேண்டும். தட்டு சூடாக இருக்கையில் மிதியை அழுத்திக்கொண்டே நின்றால், பட்டையின் பொருள் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிவிடும். பட்டையை விற்ற நிறுவனம் வேறு முறை எழுதியிருந்தால் அதுவே கொள்ளத்தக்கது.

இதற்கும் அடங்கவில்லையெனில் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றவேண்டும். மாற்றும்போது சோம்பலால் விடுபடும் வேலைகள் சில உண்டு. பட்டையின் முதுகுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 'ஷிம்' என்ற மெல்லிய தகடு இருக்கவேண்டும். பலர் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பதில்லை. அதிரும் ஜால்ராவை விரலால் தொட்டால் நாதம் செத்துப்போகிறதல்லவா? அந்த விரலின் வேலையைத்தான் ஷிம் செய்கிறது. பட்டை ஆடாமல் பிடிக்கும் சிறு வில் கம்பிகள் தளர்ந்திருந்தால் அவற்றையும் புதிதாகப் போடவேண்டும். காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறி இறுகியிருந்தால் பட்டை கோணலாகவே அழுந்தும். ஸ்பர் சொன்ன கோணம் அங்கே தானாக வந்துவிடும். அவற்றைத் துடைத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீசை மெல்லப் பூசுவது வழக்கம். பட்டையின் முதுகிலும் அது நகரும் பள்ளங்களிலும் சிறிதளவு பூசலாம். கூரான முன்விளிம்பைச் சாய்வாக அராவிவிடுவதும் கைகண்ட முறை. பல பட்டைகள் இப்போது அவ்வாறே சாய்த்துச் செய்யப்பட்டு வருகின்றன. தட்டில் விளிம்பு எழும்பியிருந்தாலோ ஆழ்ந்த வரிகள் விழுந்திருந்தாலோ, கடைசல் பிடிக்கவேண்டும். குறைந்தபட்சக் கனம் தட்டிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழ்ப்பட்டால் மாற்றுவதே வழி. டிரம் பிரேக்காக இருந்தால் உள்ளே தேங்கிய தூளைத் துடைப்பதும், ஷூ உட்காரும் இடங்களில் கிரீஸ் இடுவதும், லைனிங்கின் இரு முனைகளையும் சாய்ப்பதும் பெரும்பாலும் போதுமானவை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மாட்டு வண்டி அச்சு கிறீச்சிட்டால் மசகு இடுவது நம் முன்னோர் வழக்கம். கிணற்று உருளையானாலும் கதவுக் கீலானாலும் ஓசை வந்தால் எண்ணெய் விடுவதே நம் கைகளுக்குப் பழகிய வைத்தியம். அந்தப் பழக்கத்தில் பிரேக் தட்டிலும் பட்டையின் முகத்திலும் எண்ணெயோ கிரீசோ தடவுபவர்கள் உண்டு. ஓசை உடனே நின்றுவிடும். பிரேக்கும் நின்றுவிடும். அச்சு உராயக்கூடாது என்பதற்காக ஆனது. பிரேக்கு உராயவேண்டும் என்பதற்காகவே ஆனது. எண்ணெய் ஊறிய பட்டையைத் துடைத்தாலும் பயனில்லை; அதை எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும்.

மழைக்கால விடியலில் முதல் இரண்டு மூன்று நிறுத்தங்களில் மட்டும் கீச்சொலி கேட்டுப் பின் மறைந்தால் கவலை வேண்டாம். இரவில் தட்டின்மேல் படர்ந்த மெல்லிய துரு அது. பல பட்டைகளில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருக்கிறார்கள். பட்டை தேய்ந்து முடியும் தறுவாயில் அது தட்டைத் தொட்டுக் கீச்சிட்டு எச்சரிக்கும். புதுப்பட்டையிலேயே ஓயாது கேட்டால், அந்த நாக்கு வளைந்து தட்டைத் தொடுகிறதா, பட்டை இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கீச்சொலி மாறிக் கரகரவென்று அரைக்கும் ஓசை வந்தால், அல்லது மிதி வழக்கத்தைவிடக் கீழே போனால், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அது பழக்கத்தால் தீரும் குறையன்று. அந்த வண்டியை மேலும் ஓட்டாமல் அருகிலுள்ள பட்டறைக்காரரை அங்கேயே வரவழைப்பது நல்லது.